ஆத்துல போட்டாலும் அளந்து போடு: கூடைப்பந்து சீசனை மேட்ச் மேட்ச்சா ஆடுவது எப்படி?

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாகத் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன். சிரிக்கக் கூடாது.

ரெண்டு சீசனுக்கு முன்னாடி நான் ஒரு பையனை வித்தேன். பத்தொன்பது வயசுல டிராஃப்ட்ல கிடைச்சவன். ஆறடி பத்து அங்குலம். மூணு சீசன் வாராவாரம் உட்கார்ந்து அவனுக்கு ட்ரெயினிங் போட்டு, ரீபவுண்டிங், இன்சைட் ஷாட், ஷாட் பிளாக்கிங்னு ஒவ்வொண்ணா ஏத்தி ஒரு நல்ல சென்டரா ஆக்கினேன். அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் சாப்பிட்டுட்டு வந்து, லேப்டாப்பைத் திறந்து, அவனை ஏலத்துல விட்டுட்டேன். காரணம், எங்க டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. கீழ போனா டிவி வருமானம் குறையும். அவன் சம்பளத்தை என்னால கட்ட முடியாது.

பையன் நிஜம் கிடையாது, ஒரு சர்வர்ல இருக்கிற சில எண்கள்தான். எனக்கும் தெரியும். ஆனா அன்னைக்கு சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து வீட்டுல "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையா"ன்னு கேட்டாங்க.

டீம் ஏன் இறங்குச்சுன்னு நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் டீம் மோசமா இல்ல. நான் ஒவ்வொரு மேட்ச்சையும் தனித்தனியா ஜெயிக்கப் பார்த்தேன், அங்கதான் தப்பு நடந்துச்சு. இந்த எபிசோட் அதைப் பத்திதான்.

முதல்ல, இது என்ன விளையாட்டு?

கேமோட பேர் பஸ்ஸர்பீட்டர். 2007ல இருந்து ஓடிட்டிருக்கிற, பிரவுசர்ல ஆடுற கூடைப்பந்து மேனேஜர் கேம். பந்தைத் தொடுற வேலை நமக்குக் கிடையாது. நாம கோச், மேனேஜர் எல்லாம். யாரை வாங்கணும், யாருக்கு என்ன ட்ரெயினிங், மேட்ச்சுக்கு யார் அஞ்சு பேர், எந்தத் தாக்குதல், எந்தத் தடுப்பு, எவ்வளவு முயற்சி, இதையெல்லாம் மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கொடுத்துடணும். ஆரம்பிச்ச பிறகு கமென்டரி வரிவரியா ஓடும். நாம பார்த்துட்டு நகம் கடிக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு லீக்குல 16 டீம், எட்டு எட்டா ரெண்டு பிரிவு. உங்க பிரிவுல இருக்கிற ஏழு பேரோட ரெண்டு ரெண்டு தடவை, அந்தப் பக்கம் இருக்கிற எட்டு பேரோட ஒரு தடவை. மொத்தம் 22 லீக் மேட்ச். எதிர்ல இருக்கிறவங்களும் உங்களை மாதிரி மனுஷங்கதான். பிரிவுல எட்டாவதா வந்தா நேரா கீழ் டிவிஷன்.

ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மூணு அளவுல முயற்சி சொல்லலாம். "டேக் இட் ஈஸி", "நார்மல்", "க்ரஞ்ச் டைம்". க்ரஞ்ச் போட்டா அன்னைக்கு டீம் உயிரைக் கொடுத்து ஆடும். ஆனா டீமுக்குன்னு "என்தூசியாஸம்"னு ஒரு அளவு இருக்கு. உற்சாகம்னு வச்சுக்கலாம். க்ரஞ்ச் போட்டா அது நல்லா இறங்கும். ஈஸி போட்டா ஏறும். உற்சாகம் கம்மியா இருக்கிற டீம், அடுத்த மேட்ச்சுல அதே ஆளுங்களை வச்சுக்கிட்டே சுமாரா ஆடும்.

ஏடிஎம்ல பணம் எடுக்கிற மாதிரிதான். எடுக்க எடுக்க பேலன்ஸ் குறையும். மாசக் கடைசியில வாடகை கட்டணும்கிறதை மறந்துட்டா கதை முடிஞ்சது.

நான் செலவு பண்ண லட்சணம்

இறங்கின சீசன்ல நான் ஏழு தடவை க்ரஞ்ச் போட்டிருக்கேன். அந்த ஏழையும் எடுத்து ஒரு ஷீட்ல போட்டேன். நாலு மேட்ச்சுல இருபது புள்ளிக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சிருக்கேன். அதாவது க்ரஞ்ச் போடாம இருந்திருந்தாலும் ஜெயிச்சிருப்பேன். ரெண்டு மேட்ச் லீக்ல முதல் இடத்துல இருந்த டீமோட. ரெண்டுமே பெரிய தோல்வி, ஒண்ணுல 31 புள்ளி. ஒரே ஒரு மேட்ச்தான் கடைசி வரைக்கும் இழுபறியா போயிருக்கு.

ஏன் அப்படிப் போட்டேன்? பலவீனமான டீம்கிட்ட தோத்துட்டா அசிங்கம்னு பயம். பெரிய டீமை ஒரு தடவையாவது அடிச்சுப் பார்க்கணும்னு ஆசை. ரெண்டுமே உணர்ச்சி. கணக்கு எங்கேயும் இல்ல.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்கு க்ரீடி அல்காரிதம் ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு படியிலயும் அந்த நேரத்துக்கு எது நல்லதோ அதை எடுத்துக்கிட்டே போறது. சில கணக்குகளுக்கு அது சரியான விடை தரும். ஒரே உண்டியலை 22 படிக்கும் பங்கு போடணும்னு வந்தா அது சொதப்பும். நாலு வருஷம் இதைப் பரீட்சைக்குப் படிச்சு மார்க் வாங்கிட்டு, சொந்த டீம் விஷயத்துல கோட்டை விட்டேன்.

ஒரு க்ரஞ்ச் எங்க விலை போகும்?

இப்போ கணக்குக்கு வரலாம். பேப்பர் எடுக்க வேண்டாம், காதுல கேட்டாலே புரியும்.

கூடைப்பந்துல ஒரு டீம் இன்னொரு டீமை விட சராசரியா இத்தனை புள்ளி பெட்டர்னு சொல்லலாம். ஆனா ஒவ்வொரு நாளும் அதே வித்தியாசம் வராது. மேலயும் கீழயும் ஆடும். அந்த ஆட்டத்தோட அளவை, அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷனை, நான் 12 புள்ளின்னு எடுத்துக்கிறேன். என்பிஏ மேட்ச்களுக்கும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் சொல்லுவாங்க. க்ரஞ்ச் போட்டா நமக்கு 4 புள்ளி கூடுதுன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். இந்த 4 நான் வச்ச எண். கேம் அதோட ஃபார்முலாவை வெளியில சொல்றதில்ல.

நீங்க 15 புள்ளி பெட்டர்னா ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் 89 சதவீதம். க்ரஞ்ச் போட்டா 94. லாபம் 5.

நீங்க 15 புள்ளி பின்தங்கின டீம்னா வாய்ப்பு 11 சதவீதத்துக்குப் பக்கத்துல. க்ரஞ்ச் போட்டா 18. லாபம் 7.

ரெண்டு பேரும் சமம்னா வாய்ப்பு 50. க்ரஞ்ச் போட்டா 63. லாபம் 13.

பார்த்தீங்களா? அதே உற்சாகம், அதே செலவு. ஆனா சமமான டீமோட செலவு பண்ணா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கிடைக்குது. பெல் கர்வோட நடுவுலதான் மேடு இருக்கு. அங்க நாலு அடி நகர்ந்தா நிறைய இடம் கடக்கும். ஓரத்துல நகர்ந்தா ஒண்ணும் பெருசா மாறாது.

இதுல இன்னொரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. உங்களுக்குச் சமமான டீம்தான் டேபிள்ல உங்க பக்கத்துல நிக்கும். அவங்களை ஜெயிச்சா உங்களுக்கு ஒரு வெற்றி கூடும், அவங்களுக்கு ஒண்ணு போகும். ஒரே மேட்ச்சுல ரெண்டு அடி. முதல் இடத்துல இருக்கிறவனை எப்படியோ ஜெயிச்சா பெருமை கிடைக்கும். ஆனா அவன் தோக்கிறதால எட்டாவது இடத்துக்கும் ஏழாவது இடத்துக்கும் இருக்கிற சண்டையில ஒண்ணும் மாறாது.

அதனால இப்போ சீசன் ஆரம்பத்துலயே 22 மேட்ச்சையும் மூணு கூடையில போட்டுடறேன். ஜெயிக்க வேண்டியவை, தோத்தா ஆச்சரியப்பட முடியாதவை, ரெண்டும் கெட்டான். க்ரஞ்ச் மூணாவது கூடைக்கு மட்டும்தான். அதுக்கு முன்னாடி வர்ற முதல் ரெண்டு கூடை மேட்ச்கள்ல ஈஸி போட்டு உண்டியலை நிரப்பிக்கிறேன். சொந்த மைதானத்துல ஆடுறதுக்குக் கொஞ்சம் சாதகம் உண்டு. அதனால சில டீம்கள் வீட்டுல ஆடும்போது ஒரு கூடையிலயும் வெளியில ஆடும்போது இன்னொரு கூடையிலயும் விழும். நாலு வாரத்துக்கு ஒரு தடவை திரும்பவும் பிரிப்பேன். ஏன்னா யாராவது புதுசா ஆள் வாங்கியிருப்பாங்க, யாருக்காவது அடி பட்டிருக்கும்.

பலவீனமான டீம் என்ன செய்யலாம்?

சரி, எதிர்ல நிஜமாவே பெரிய டீம். உற்சாகத்தைச் செலவு பண்ண மனசில்ல. அப்போ சும்மா போய் உதை வாங்கிட்டு வரணுமா? வேண்டாம். செலவில்லாம ஒரு வேலை பண்ணலாம். ஆட்டத்தைச் சின்னதாக்கலாம்.

கிரிக்கெட்ல இருந்து வர்றேன். 2024 டி20 உலகக் கோப்பையில அமெரிக்கா பாகிஸ்தானை சூப்பர் ஓவர்ல அடிச்சுது. அதே ரெண்டு டீமையும் அஞ்சு நாள் டெஸ்ட் ஆட விட்டா அப்படி நடக்கும்னு யாராவது பந்தயம் கட்டுவீங்களா? ஆட்டம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் திறமை பேசும். குட்டையானா அதிர்ஷ்டத்துக்கும் மைக் கிடைக்கும்.

கூடைப்பந்துல ஆட்ட நேரத்தைக் குறைக்க முடியாது. ஆனா பொசெஷன்களோட எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒவ்வொரு தடவை பந்து கைக்கு வரும்போதும் நிதானமா சுத்தி, கடைசி நொடிகள்ல ஷாட் எடுத்தா, ரெண்டு பக்கத்துக்குமே வாய்ப்புகள் குறையும்.

எண்ணுல சொல்றேன். 100 பொசெஷன் ஆடுனா எதிரி உங்களை விட 10 புள்ளி பெட்டர், ஆட்டத்தோட ஏத்த இறக்கம் 12ன்னா, உங்க வாய்ப்பு 20 சதவீதம். அதை 64 பொசெஷனா குறைச்சா வித்தியாசம் 6.4 ஆயிடும். ஆனா ஏத்த இறக்கம் அதே விகிதத்துல குறையாது. அது வர்க்கமூலத்துல குறையும், 9.6 ஆகும். இப்போ உங்க வாய்ப்பு 25 சதவீதம். ஒரு பைசா செலவில்லாம அஞ்சு சதவீதம். 64 கொஞ்சம் அதிகப்படியான உதாரணம்தான், ஆனா திசை இதுதான்.

இது நிஜக் கூடைப்பந்துல ரொம்பப் பழைய வித்தை. 1950 நவம்பர் 22ஆம் தேதி ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ் டீம், மினியாபோலிஸ் லேக்கர்ஸோட சொந்த ஊருக்குப் போச்சு. லேக்கர்ஸ்ல ஜார்ஜ் மைக்கன்னு ஒரு ராட்சசன் இருந்தார், அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார். நேருக்கு நேர் ஆடினா வேலைக்கு ஆகாதுன்னு பிஸ்டன்ஸ் பந்தைக் கையில வச்சுக்கிட்டே நின்னாங்க. ஸ்கோர் என்ன தெரியுமா? 19க்கு 18. பிஸ்டன்ஸ் ஜெயிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் என்பிஏ வரலாற்றுல குறைவான ஸ்கோர் அதுதான்.

காசு கொடுத்துப் பார்க்க வந்தவங்க கடுப்பாகத்தானே செய்வாங்க. அதனால 1954ல 24 நொடி ஷாட் கிளாக் வந்துச்சு. அந்த 24 எங்கிருந்து வந்ததுன்னா, டேனி பியாசோன்னு ஒரு டீம் உரிமையாளர் போட்ட கணக்கு. 48 நிமிஷம்னா 2,880 நொடி. நல்லா ஓடுற மேட்ச்சுல ரெண்டு டீமும் சேர்ந்து சுமார் 120 ஷாட் எடுக்கிறாங்க. 2,880ஐ 120ஆல வகுத்தா 24. அவ்வளவுதான். எனக்குப் பிடிச்ச இன்ஜினியரிங் முடிவுகள்ல இதுவும் ஒண்ணு.

ஷாட் கிளாக் வந்த பிறகும் அந்த வித்தை சாகல. 1996 மார்ச்ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், முந்தைய வருஷ சாம்பியன் யுசிஎல்ஏவை 43க்கு 41ன்னு தோற்கடிச்சுது. கோச் பீட் கரில். மெதுவா பாஸ் பண்ணிக்கிட்டே இருந்து, தடுக்கிறவன் ஒரு நொடி அசந்தா முதுகுக்குப் பின்னாடி கூடையை நோக்கி வெட்டிப் போறது அவங்க பாணி. நம்ம கேம்லயும் "பிரின்ஸ்டன்"ங்கிற பேர்லயே ஒரு தாக்குதல் இருக்கு. மெதுவானது, வெளியில இருந்து ஷாட் எடுக்கிறது. உள்ளே நல்ல ஆள் இருந்தா "லோ போஸ்ட்", அதுவும் மெதுவானது. பெரிய டீம்கிட்ட போகும்போது நான் முதல்ல பார்க்கிறது இந்த ரெண்டைத்தான்.

இன்னொரு ஆயுதம் மூணு புள்ளி ஷாட். 51 சதவீதம் விழுற ரெண்டு புள்ளி ஷாட்டும், 34 சதவீதம் விழுற மூணு புள்ளி ஷாட்டும் சராசரியா ஒண்ணுதான். ரெண்டுமே ஷாட்டுக்கு 1.02 புள்ளி. ஆனா வேரியன்ஸ் பார்த்தா மூணு புள்ளி ஷாட்டுக்கு ரெண்டு மடங்கு. பலவீனமான டீமுக்கு அந்த ஏத்த இறக்கம் வரம். பலமான டீமுக்கு அது கத்தி. 2018 மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றோட ஏழாவது மேட்ச்சுல ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ந்து 27 மூணு புள்ளி ஷாட்டைத் தவறவிட்டாங்க. மொத்தம் 44 எடுத்து 7 மட்டும்தான் விழுந்துச்சு. கோல்டன் ஸ்டேட் 101க்கு 92ன்னு ஜெயிச்சுட்டுப் போயிட்டாங்க.

இதையே திருப்பிப் போட்டா, நீங்க பெரிய டீமா இருக்கும்போது வேகமா ஆடுங்க, பொசெஷன்களைக் கூட்டுங்க, அதிர்ஷ்டத்துக்கு இடம் கொடுக்காதீங்க. ஆனா ஒரு எச்சரிக்கை. உங்க ஆளுங்களுக்கு வராத பாணியை வெறும் கணக்குக்காக ஆட வைக்காதீங்க. வெளியில ஷாட் போடத் தெரியாத டீமை பிரின்ஸ்டன் ஆட வச்சு நான் 27 புள்ளியில தோத்திருக்கேன். வேரியன்ஸ்ல அஞ்சு சம்பாதிக்கப் போய் சராசரியில பதினஞ்சை விட்டேன்.

எதிரி உங்க பழைய மேட்ச்சைப் படிக்கிறான்

என் சென்டர் நல்லா ஆடின காலத்துல நான் எல்லா மேட்ச்சுக்கும் "லுக் இன்சைட்" போட்டேன். எல்லாப் பந்தும் உள்ளே. நல்ல ஆள் இருக்கான், அவனுக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கிறது?

பிரச்சனை என்னன்னா, ஒவ்வொரு மேட்ச்சோட அறிக்கையும் எல்லாரும் பார்க்கலாம். நான் உள்ளேதான் வருவேன்னு லீக்குக்கே தெரியும். எல்லாரும் 2-3 ஜோன் போட்டு உள்ளே கூட்டமா நின்னாங்க. அது பத்தாதுன்னு, எதிரி உள்ளே வருவானா வெளியில இருந்து போடுவானா, வேகமா ஆடுவானா மெதுவா ஆடுவானான்னு முன்கூட்டியே கணிக்கிற வசதி ஒண்ணு கேம்ல இருக்கு. கணிப்பு சரின்னா கணிச்சவனுக்கு லாபம், தப்புன்னா நஷ்டம். நான் எல்லாருக்கும் அந்த லாபத்தை இலவசமா கொடுத்துக்கிட்டிருந்தேன்.

இதுக்கு ஒரு சின்ன கேம் தியரி கணக்கு. எண்கள் கற்பனைதான். 100 பொசெஷனுக்கு நான் எத்தனை புள்ளி எடுப்பேன்னு பார்ப்போம். நான் உள்ளே ஆடி, அவன் 2-3 போட்டா 100. நான் உள்ளே ஆடி, அவன் வெளியில காக்கிற 3-2 ஜோன் போட்டா 112. நான் வெளியில ஆடி, அவன் 2-3ன்னா 106. நான் வெளியில ஆடி, அவன் 3-2ன்னா 98.

எது என் பலம்? உள்ளேதான், 112 அங்கதான் இருக்கு. ஆனா எப்பவும் உள்ளே ஆடினா அவன் எப்பவும் 2-3 போடுவான், எனக்கு 100தான் கிடைக்கும். அவன் என்ன போட்டாலும் எனக்கு ஒரே அளவு கிடைக்கிற மாதிரி கலந்து ஆடினா? கணக்குப் போட்டா விடை, 40 சதவீதம் உள்ளே, 60 சதவீதம் வெளியே. அப்போ எனக்கு 103.6 கிடைக்கும். என் பலம் உள்ளே இருந்தும் பாதிக்கும் கம்மியாத்தான் அங்க போகணும். இதை முதல் தடவை போட்டுப் பார்த்தப்போ நான் நம்பாம மறுபடி போட்டுப் பார்த்தேன்.

அதனால இப்போ ரெண்டு பாணிக்கும் ஆள் வச்சிருக்கேன். மூணாவது கூடை மேட்ச் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, முடிவு தெரிஞ்ச ஒரு மேட்ச்சுல வேணும்னே வேற பாணி ஆடுவேன். எதிரி அதைப் படிப்பான். படிக்கட்டும்.

இன்னும் ஒரு விஷயம். எதிரி என்ன போடுவான்னு யோசிக்கும்போது நாம நினைக்கிறதை அவன் தலையில ஏத்திடக் கூடாது. அவன் கடைசி பத்து மேட்ச்சைப் பாருங்க. நிறைய பேர் சோம்பேறிகள்தான், நானும் அப்படித்தான் இருந்தேன். பத்துல ஒன்பது ஒரே மாதிரி இருந்தா, பத்தாவதுக்கும் பெரிய தியரி எதுவும் வேண்டாம். அதையே கணிச்சுடுங்க.

நிமிஷங்களும் காசுதான்

உற்சாகம் மாதிரியே இன்னொரு உண்டியல், நிமிஷங்கள். லீக் மேட்ச் ரெண்டோட, கோப்பை மேட்ச்சோ நட்பு மேட்ச்சோ சேர்த்து வாரத்துக்கு மூணு மேட்ச். ஒரு பையனுக்கு ட்ரெயினிங் முழுசா போய்ச் சேரணும்னா அந்தப் பொசிஷன்ல வாரத்துக்கு 48 நிமிஷம் ஆடணும். அதே சமயம் "கேம் ஷேப்"னு ஒண்ணு இருக்கு, உடல் தகுதி மாதிரி. ரொம்பக் கம்மியா ஆடினாலும் கெடும், ரொம்ப அதிகமா ஆடினாலும் கெடும்.

நான் பெரிய மேட்ச்னு பயந்து என் அஞ்சு பேரையும் மூணு மேட்ச்சுலயும் 40 நிமிஷம் ஓட விட்டேன். வாரத்துக்கு 120 நிமிஷம். அடுத்த வாரம் பார்த்தா எல்லாருக்கும் கேம் ஷேப் தரைமட்டம். இப்போ லீக் மேட்ச் ரெண்டுலயும் 36, 36ன்னு ஆடுறவன் மூணாவது மேட்ச்சுல பெஞ்ச். அந்த மேட்ச் வளர்ற பசங்களுக்கு. ஆக வியாழக்கிழமை யாரை உட்கார வைக்கிறதுங்கிறது சனிக்கிழமை மேட்ச்சோட முடிவு. அதைப் புரிஞ்சுக்க எனக்கு மூணு சீசன் ஆச்சு.

ஈஸி போடுறது நியாயமா?

இது எனக்கு நிஜமாவே உறுத்தின இடம்.

போன சீசன்ல முதல் இடத்து டீமோட சொந்த மைதானத்துல மேட்ச். இரண்டாவது கூடை. ஈஸி போட்டேன், 38 புள்ளியில தோத்தேன். மறுநாள் லீக்ல இருக்கிற இன்னொருத்தர்கிட்ட இருந்து மெசேஜ். "நீங்க கொஞ்சமாவது முயற்சி பண்ணியிருக்கலாம். அவரை நான் துரத்திக்கிட்டிருக்கேன். உங்களால எனக்குத்தான் நஷ்டம்." கோபமா எழுதல, வருத்தமா எழுதியிருந்தார். எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

நிஜ என்பிஏலயும் இதே சண்டை நடந்திருக்கு. 2012 நவம்பர் 29ஆம் தேதி சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு மயாமியில மேட்ச். நாடு முழுக்க டிவியில வர்ற மேட்ச். கோச் கிரெக் போபோவிச், டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி, டேனி கிரீன் நாலு பேரையும் மேட்ச்சுக்கு முன்னாடியே ஊருக்கு அனுப்பிட்டார். தொடர்ந்து வெளியூர் மேட்ச், ஆளுங்க களைச்சுப் போயிருந்தாங்க, 82 மேட்ச் சீசன்ல அவருக்கு இது ஒண்ணு. லீக் தலைவர் டேவிட் ஸ்டெர்ன் ரசிகர்கள்கிட்ட மன்னிப்புக் கேட்டு, ஸ்பர்ஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டார். மிச்சமிருந்த ஆளுங்க அன்னைக்கு 105க்கு 100ன்னு போராடித்தான் தோத்தாங்க. அந்த சீசன் முடிவுல ஸ்பர்ஸ் ஃபைனலுக்கும் போச்சு, அதே மயாமிகிட்ட ஏழாவது மேட்ச்சுல தோத்துச்சு.

போபோவிச் பக்கமும் நியாயம் இருக்கு, டிக்கெட் வாங்கினவன் பக்கமும் நியாயம் இருக்கு. நான் எனக்குன்னு ஒரு கோடு போட்டுக்கிட்டேன். சீசனோட முதல் முக்கால் பகுதியில எங்க வேணும்னாலும் ஈஸி போடுவேன், அப்போ எல்லாருக்கும் எல்லா டீமோடயும் கணக்கு பாக்கி இருக்கு. கடைசி நாலு மேட்ச்சுல, என் முடிவு வேற யாரோட இடத்தையாவது தீர்மானிக்கும்னா குறைஞ்சது நார்மல். அதுக்குக் கீழ போக மாட்டேன். அந்த நண்பருக்கும் இதையே பதில் எழுதினேன். அவர் ஒரு தம்ஸ் அப் மட்டும் அனுப்பினார். போதும்.

அந்தக் கடைசி மேட்ச்

ஆரம்பத்துல சொன்ன கதையை முடிச்சுடறேன். இறங்கின சீசனோட 22ஆவது மேட்ச். எனக்கும் எதிரிக்கும் ஒரே எண்ணிக்கையில வெற்றி. தோக்கிறவன் எட்டாவது. சமமான டீம், அந்த 50 சதவீத மேட்ச். வருஷம் முழுக்க எதுக்காகச் சேர்த்து வச்சிருக்கணுமோ அந்த மேட்ச்.

என் உண்டியல் காலி. அதுக்கு முந்தின ரெண்டு மேட்ச்லயும் க்ரஞ்ச் போட்டிருந்தேன். ஒண்ணு அந்த 31 புள்ளித் தோல்வி, இன்னொண்ணு கண்ணை மூடிக்கிட்டு ஜெயிக்க வேண்டிய மேட்ச். எதிரி அந்த ரெண்டு மேட்ச்சுலயும் ஈஸி போட்டு, ரெண்டுலயும் தோத்து, நான் அவரைப் பார்த்து "விட்டுட்டான்பா"ன்னு சிரிச்சுக்கிட்டிருந்தேன். புலி பதுங்கினது எனக்குத் தெரியல. 4 புள்ளியில தோத்தேன். என் சென்டர் அன்னைக்கு 24 புள்ளி, 15 ரீபவுண்ட். அவன் மேல ஒரு குறையும் இல்ல.

கீழ் டிவிஷன்ல ஒரு சீசன் இந்த மூணு கூடை முறையில ஆடினேன். பெரிய புதுமையா எதுவும் நடக்கல, நாலாவதா வந்து பிளேஆஃப் போய் முதல் சுற்றுலயே வெளியேறினேன். ஆனா அந்த சீசன்ல க்ரஞ்ச் போட்ட அஞ்சு மேட்ச்சுமே பத்து புள்ளிக்குள்ள முடிஞ்சுது. மூணு ஜெயம், ரெண்டு தோல்வி. அந்த ரெண்டு தோல்விக்கு நான் வருத்தப்படல. செலவு பண்ண வேண்டிய இடத்துலதான் செலவு பண்ணியிருந்தேன்.

எங்க பாட்டி "ஆத்துல போட்டாலும் அளந்து போடு"ன்னு சொல்லும். நான் அளக்காம போட்டுட்டு, ஆத்தைத் திட்டிக்கிட்டிருந்தேன்.

உங்க சீசன் எப்படிப் போகுதுன்னு எழுதுங்க. கூடைப்பந்துதான்னு இல்ல, ஃபேன்டஸி கிரிக்கெட், ஃபுட்பால் மேனேஜர் எதுவா இருந்தாலும் சரி, நீங்க வீணாக்கின ஒரு க்ரஞ்ச் பத்தி எழுதுங்க. அப்புறம், என் பழைய சென்டர் இப்போ வேற ஒரு லீக்ல ஆடுறான். போன வாரம் 18 ரீபவுண்ட் எடுத்திருக்கான். ஆமா, இன்னும் போய்ப் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.